சுபாவமா, ஆளுமைக் கோளாறா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் பெற்றோர் கூட்டம், கல்லூரி நிகழ்ச்சி என்று மனநலம் பற்றிப் பேசப் போனால், மேடையில் யாரும் வாய் திறப்பதில்லை. கூட்டம் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் ஓரமாக வந்து கேட்பார்கள். “சின்ன வயசுலேருந்தே இவன் முரடு சார், இது சுபாவமா, ஏதாவது கோளாறா?” என்பதுதான் அவற்றில் பாதி. அப்படி வந்த கேள்விகளுக்கு இங்கே கொஞ்சம் விரிவாகப் பதில் தருகிறேன். இதைப் படித்து யாருக்கும் நோய் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஒரு மருத்துவர் நேரில் உட்கார்ந்து பேச வேண்டும்.

சுபாவம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை மாலை புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நின்று பாருங்கள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று பலூன்காரரைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு ஓடும். மற்றொன்று அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றே எட்டிப் பார்க்கும். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. எது நம்மை இழுக்கிறது, எது நிறுத்துகிறது, எவ்வளவு வேகமாக உணர்ச்சி பொங்குகிறது, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்பதில் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசம்தான் சுபாவம்.

அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளுக்கு முன்னால் பொம்மைகளை அசைத்துக் காட்டியும், பழக்கமில்லாத ஒலிகளைக் கேட்கவைத்தும் பார்த்தார். ஏறக்குறைய 5-இல் ஒரு குழந்தை கைகாலை உதறி அழுதது. அந்தக் குழந்தைகளில் பலர் வளர்ந்தபோது புது ஆட்களிடம் கூச்சப்படுகிறவர்களாக இருந்தார்கள். ஆனால் பெரும்பாலானோருக்கு எந்த நோயும் வரவில்லை. இந்த இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

‘ஊக்க அமைப்புகள்’ என்கிறார்களே, அது என்ன?

பிரிட்டிஷ் உளவியலாளர் ஜெஃப்ரி கிரே 1970-களில் வளர்த்தெடுத்த கருத்து. மூளையில் பரிசுக்கும் தண்டனைக்கும் தனித்தனி அமைப்புகள் வேலை செய்கின்றன என்றார். 2000-இல் நீல் மக்நாட்டனுடன் சேர்ந்து அதைத் திருத்தியபோது அமைப்புகள் மூன்றாக வரையறுக்கப்பட்டன.

முதலாவது நாட்ட அமைப்பு. பரிசு கிடைக்கும் என்று தெரிந்தால் நம்மை அதன் பக்கம் தள்ளுவது இது. டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் வழித்தடங்களோடு தொடர்புடையது. இரண்டாவது தப்பிப்பு அமைப்பு. கண்முன் ஆபத்து வந்தால் ஓடுவது, உறைந்து நிற்பது, வேறு வழியில்லை என்றால் திருப்பி அடிப்பது எல்லாம் இதன் வேலை. மூன்றாவது தடுப்பு அமைப்பு. வேண்டும் என்றும் இருக்கிறது, வேண்டாம் என்றும் இருக்கிறது என்ற இழுபறி வந்தால் இது செயலை நிறுத்திவைத்து, சுற்றுமுற்றும் பார்க்கச் சொல்கிறது. பதற்றம், கவலை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதன் குரல்.

மூன்றும் எல்லோரிடமும் உண்டு. யாரிடம் எது எவ்வளவு சுலபமாகக் கிளம்புகிறது என்பதில்தான் சுபாவ வேறுபாடு.

பயமும் பதற்றமும் ஒன்றுதானே?

இல்லை. இதைக் கடலூர்க்காரர்களுக்குச் சொல்வது சுலபம். துறைமுகத்தில் 1-ஆம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். எங்கோ தூரக் கடலில் புயல் உருவாகலாம் என்று பொருள். தேவனாம்பட்டினம் கரையில் ஃபைபர் படகுப் பக்கத்தில் நின்று தம்பி கேட்கிறார்: “என்னண்ணே, தொழிலுக்குப் போறதா, வேணாமா?” நாலு நாளாகப் பாடு இல்லை, வீட்டில் பணம் வேண்டும். அதே சமயம் காற்றும் சரியில்லை. அண்ணன் வானத்தைப் பார்க்கிறார், அலையைப் பார்க்கிறார், பக்கத்துப் படகுக்காரர் என்ன செய்கிறார் என்று பார்க்கிறார், வலையைத் தூக்குகிறார், மறுபடி வைக்கிறார். இது பதற்றம், தடுப்பு அமைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. போகிற ஆசை துளியும் இல்லாவிட்டால் இந்த இழுபறியே இருக்காது. 2004-இல் சுனாமி அலை ஊருக்குள் வந்தபோது மக்கள் ஓடினார்களே, அது பயம். அங்கே யோசிக்க எதுவும் இல்லை.

கிரே இந்தப் பிரிவை மருந்துகளிலிருந்து கண்டுபிடித்தார் என்பது சுவாரசியமானது. தூக்க மருந்தான பார்பிச்சுரேட், பதற்ற மருந்தான பென்சோடயசெபைன், மது ஆகிய மூன்றும் விலங்குகளில் இந்தத் தயக்கத்தைக் குறைத்தன. நேரடியான ஓட்டத்தை அந்த அளவுக்குக் குறைக்கவில்லை. இரண்டும் ஒரே அமைப்பு என்றால் இரண்டும் சேர்ந்தே குறைந்திருக்க வேண்டும்.

வேறு கோட்பாடுகளும் இருக்கின்றனவா?

இருக்கின்றன. மனநல மருத்துவத்தில் அதிகம் பேசப்படுவது அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் குளோனிஞ்சருடையது. 1987-இல் அவர் புதுமை நாட்டம், தீங்கு தவிர்ப்பு, வெகுமதிச் சார்பு என்று மூன்று சுபாவ அளவுகளைச் சொன்னார். வெகுமதிச் சார்பு என்பது மற்றவர்களின் அன்புக்கும் பாராட்டுக்கும் எவ்வளவு உருகுகிறோம் என்பது. விடாமுயற்சி நான்காவதாகச் சேர்ந்தது. 1993-இல் இவற்றுக்கு மேல் ‘குணம்’ என்று இன்னொரு அடுக்கையும் வைத்தார்: தன்னைத் தானே நடத்திச் செல்லும் திறன், பிறரோடு ஒத்துப்போகும் திறன், தன்னைக் கடந்து பார்க்கும் தன்மை. இந்த இரண்டாவது அடுக்குதான் முக்கியமானது. கொஞ்சம் கழித்து அதற்கு வருகிறேன்.

ஆளுமைக் கோளாறு என்றால் என்ன?

தன்னைப் பற்றிய எண்ணமும் பிறரோடு பழகும் விதமும் நீண்ட காலமாக, பல இடங்களில், ஒரே மாதிரி கோணலாகப் போய், அதனால் அவருக்கோ சுற்றியிருப்பவர்களுக்கோ கடும் துன்பம் வருவது. பரீட்சை மாதத்தில் மட்டும் எரிந்து விழுந்தால் அது கோளாறு ஆகாது. ஆபீஸில் ஒரு மாதிரியும் வீட்டில் வேறு மாதிரியும் இருப்பவரையும் அவசரப்பட்டு இதில் சேர்க்கக் கூடாது.

அமெரிக்க மனநலச் சங்கத்தின் 2013 கையேடு 10 வகைகளை மூன்று குழுக்களாகச் சொல்கிறது: விசித்திரமாகவும் ஒதுங்கியும் இருப்பவை, உணர்ச்சியும் அவசரமும் மிகுந்தவை, பதற்றம் மிகுந்தவை. உலக சுகாதார அமைப்பு தனது 11-ஆம் நோய்ப் பட்டியலில் இந்த வகைப் பெயர்களை ஏறக்குறைய முழுதாகத் தூக்கிவிட்டது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்தப் பட்டியலின்படி, முதலில் தீவிரத்தைப் பார்க்கிறார்கள்: லேசானதா, நடுத்தரமா, கடுமையா. அப்புறம் எந்தப் பண்பு மேலோங்குகிறது என்று ஐந்து தலைப்புகளில் குறிக்கிறார்கள்: எதிர்மறை உணர்ச்சி, விலகல், பிறரைப் பொருட்படுத்தாமை, கட்டுப்பாடின்மை, ஒழுங்குப் பிடிவாதம். உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் அலைபாயும் ‘பார்டர்லைன்’ வகை மட்டும் தனிக் குறிப்பாக மிஞ்சியிருக்கிறது. இது நல்ல மாற்றம் என்பது என் கருத்து. பழைய முறையில் ஒரே ஆளுக்கு மூன்று கோளாறுப் பெயர்கள் ஒட்டிக்கொள்வது சகஜம். எழுதிய மருத்துவருக்கே அதனால் பெரிய பயன் இருந்ததில்லை.

எந்தச் சுபாவம் எந்தக் கோளாற்றோடு போகிறது?

பொதுவான போக்கு இதுதான். தடுப்பு அமைப்பு மிகவும் சுறுசுறுப்பாக இருப்பவர்களிடம், அதாவது தீங்கு தவிர்ப்பு அதிகமுள்ளவர்களிடம், பதற்றக் குழுவின் பண்புகள் அதிகம் தெரிகின்றன. யாராவது கேலி செய்துவிடுவார்களோ என்று பழகுவதையே விட்டுவிடும் ‘தவிர்ப்பு ஆளுமை’ இதற்குத் தெளிவான உதாரணம். ஆசை இல்லாதவரல்லர் அவர். நண்பர்கள் வேண்டும் என்று ஏங்குவார். கல்யாண வீட்டு வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வருவார். ஸ்கிசாய்ட் ஆளுமையில் வெளித்தோற்றம் இதே மாதிரிதான், ஆனால் உள்ளே கதை வேறு. பழகுவதில் கிடைக்கும் இன்பமே அவரை அவ்வளவாக இழுப்பதில்லை. வெகுமதிச் சார்பு குறைவு. இரண்டு பேரும் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை என்று அக்கம்பக்கம் ஒரே மாதிரிதான் பேசும். ஊக்க அமைப்பு வழியாகப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும், உதவியும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பது புரியும்.

உணர்ச்சிக் குழுவில் பொதுவாகப் புதுமை நாட்டம் அதிகம். சமூகவிரோத ஆளுமையில் நாட்டம் கூடுதலாகவும் தீங்கு தவிர்ப்பு குறைவாகவும் இருக்கும். பார்டர்லைனில் இரண்டுமே அதிகம்: பாய்ந்துபோய் ஒருவரோடு ஒட்டிக்கொள்வது, மறுநாளே ‘விட்டுவிட்டுப் போய்விடுவாரோ’ என்று துடிப்பது. தன்னையே பெரிதாக நினைக்கும் நார்சிசத்திலும் இரண்டு முகங்கள் உண்டு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அலைபவரிடம் நாட்டம் அதிகம், தயக்கம் குறைவு. வெளியே பணிவாகத் தெரிந்து உள்ளுக்குள் ஒவ்வொரு சொல்லுக்கும் காயப்படுபவரிடம் தடுப்பு அமைப்பு ஓங்கியிருக்கும்.

விசித்திர நம்பிக்கைகள், காரணமில்லாத சந்தேகம் போன்றவற்றை இந்த மூன்று அமைப்புகளை மட்டும் வைத்து விளக்க முடியாது. அங்கே கோட்பாடு திணறுகிறது.

அப்படியானால் சுபாவம் ஒரு பக்கம் அதிகமாகச் சாய்ந்திருந்தாலே கோளாறுதானா?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன். கிடையாது. குளோனிஞ்சரும் டிராகன் ஷ்வ்ராகிக்கும் 1993-இல் காட்டியது இதுதான்: ஒருவருக்கு ஆளுமைக் கோளாறு இருக்கிறதா இல்லையா என்பதை நன்றாகக் காட்டிக்கொடுப்பது, தன்னை நடத்திச் செல்லும் திறனும் ஒத்துப்போகும் திறனும் குறைந்திருப்பது. சுபாவ அளவுகள் சொல்வது அது எந்த வகை என்பதை மட்டும். கோளாறு இருந்தால் அதன் நிறம் என்ன என்று சுபாவத்திடம் கேட்கலாம். இருக்கிறதா என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது.

புதுமை நாட்டம் உச்சத்தில் இருக்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் கடை போட்டு, வாராவாரம் புதுச் சரக்கு இறக்கி, நஷ்டம் வந்தால் சிரித்துவிட்டு அடுத்த வாரம் வேறொன்றை முயல்கிறார். இன்னொருவர் அதே துடிப்போடு மூன்று கடன் வாங்கி, நான்கு வேலை மாறி, ஒவ்வொரு முறையும் தப்பு மற்றவர் மேல்தான் என்று அண்ணன் தம்பி உறவு வரை அறுத்துக்கொண்டார். துடிப்பு ஒன்றுதான். முதலாமவர் தான் எங்கே போகிறோம் என்று அறிந்திருக்கிறார், பக்கத்தில் நிற்பவரின் வலியும் அவருக்குத் தெரிகிறது. எதிர்ப்பக்கமும் இப்படித்தான். தயக்கம் மிகுந்த பெண் மிகச் சிறந்த கணக்காளராக, மருந்தாளுநராக இருக்க முடியும். நிறைய பேர் இருக்கிறார்கள்.

“அடியாத மாடு படியாது” என்கிறார்களே? முரட்டுப் பையனைக் கண்டித்துத்தானே வளர்க்க வேண்டும்?

1957-இல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் லிக்கன் செய்த சோதனையைச் சொல்கிறேன். வரிசையாகச் சரியான நெம்புகோலை அழுத்திக்கொண்டே போக வேண்டும். தவறான நெம்புகோல்களில் ஒன்றைத் தொட்டால் மின்னதிர்ச்சி. குற்ற உணர்வு இல்லாத ஆளுமை கொண்டவர்கள் சரியான வழியை மற்றவர்களைப் போலவே கற்றுக்கொண்டார்கள். ஆனால் அதிர்ச்சி தரும் நெம்புகோலைத் தவிர்க்க அவர்கள் அவ்வளவாகக் கற்கவில்லை. புத்தி குறைவு காரணமில்லை. தண்டனை அவர்களுக்கு உறைக்கவில்லை.

அச்சம் குறைந்த பையனைப் பெல்ட்டால் அடித்தால் என்ன ஆகும்? அவனுக்கு அது பாடமாகப் பதியாது. கோபம் மட்டும் மிஞ்சும். அடுத்த முறை அடி பலமாகும், அவனும் கூடக் கெட்டிப்படுவான். உளவியலாளர் கிராஷினா கோச்சன்ஸ்கா சிறு குழந்தைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார். பயந்த சுபாவமுள்ள குழந்தைக்கு மென்மையான கண்டிப்பே மனசாட்சியை வளர்க்கப் போதுமாக இருந்தது. பயமறியாத குழந்தைக்குக் கண்டிப்பு அதிகம் உதவவில்லை. அம்மாவோடு இருந்த பாசமான, ஒத்துழைக்கும் உறவுதான் உதவியது. முரட்டுப் பையனிடம் நாட்ட அமைப்பு நன்றாக வேலை செய்கிறது. அந்தப் பக்கமாகப் போங்கள். நல்லது செய்த அந்த நிமிடமே பாராட்டு, சொன்ன வெகுமதியைச் சொன்னபடி தருவது, கூடவே உட்கார்ந்து ஒரு வேலை செய்வது. எல்லை வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லையைக் கத்தாமல், தினமும் ஒரே மாதிரி வையுங்கள்.

18 வயதுக்கு முன் யாருக்கும் சமூகவிரோத ஆளுமைக் கோளாறு என்ற பெயரை மருத்துவம் வைப்பதில்லை. பள்ளிக்கூடங்களும் வைக்கக் கூடாது.

பார்டர்லைன் ஏன் வருகிறது?

அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைனஹன் 1993-இல் எழுதிய விளக்கம் எளிமையானது: சட்டென்று, பலமாகப் பொங்கி, மெதுவாக அடங்கும் பிறவிச் சுபாவம் ஒரு பக்கம், அந்த உணர்ச்சியைத் தொடர்ந்து மறுக்கும் சூழல் இன்னொரு பக்கம். நம் வீடுகளில் இந்த மறுப்புக்குப் பஞ்சமே இல்லை.

“அம்மா, அவ என்கூடப் பேசமாட்டேங்கறா.”
“இதுக்கெல்லாமாடி அழுவாங்க? போய்ப் படி.”

ஒரு நாள் இப்படிச் சொன்னால் ஒன்றும் ஆகாது. பதினைந்து வருடம் இதையே கேட்டால், தனக்குள் என்ன நடக்கிறது என்பதையே நம்பாமல் அந்தப் பெண் வளர்கிறாள். கையைக் கீறிக்கொண்டால்தான் வீடு திரும்பிப் பார்க்கிறது என்றும் கற்றுக்கொள்கிறாள். பலருடைய கதையில் சிறுவயது வன்முறையும் பாலியல் துன்புறுத்தலும் இருக்கின்றன. எல்லோருடைய கதையிலும் இல்லை. ஆகவே பெற்றோரைக் கூண்டில் ஏற்றுவதும் நியாயமில்லை. சாதாரணச் சுபாவமுள்ள அக்காவை அதே வீடு நன்றாகத்தான் வளர்த்திருக்கும்.

இது பரம்பரையா?

ஆளுமைப் பண்புகளில் மக்களிடையே உள்ள வேறுபாட்டில் சுமார் 40 முதல் 50 சதவீதம் மரபணு வேறுபாட்டோடு தொடர்புடையது என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. அப்பாவுக்கு இருந்தால் மகனுக்குப் பாதி வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. பெண் பார்க்கும் இடத்தில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

முள்ளோடை எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் மது விலை குறைவு என்று வண்டியேறும் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? உண்டு, இரண்டு வழியாக. நாட்டம் மிகுந்தவர் ஜாலிக்காகத் தொடங்குகிறார். பதற்றம் மிகுந்தவர் தடுப்பு அமைப்பின் வாயை அடைக்கக் குடிக்கிறார். மேலே சொன்ன மூன்று மருந்துகளில் மதுவும் ஒன்று என்பதை மறுபடி பாருங்கள். இரண்டாமவருக்கு மறுநாள் காலை பதற்றம் இரட்டிப்பாகும், மறுபடி குடிப்பார். குடியை மட்டும் நிறுத்தச் சொல்லிப் பதற்றத்தைக் கவனிக்காமல் விட்டால் அவர் திரும்ப அங்கேயே போய் நிற்பார்.

இன்னொன்று: தினமும் குடிப்பவரின் முரட்டுத்தனத்தை வைத்து ஆளுமைக் கோளாறு என்று முடிவு கட்டக் கூடாது. குடி நின்ற பிறகு எது மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும்.

வாதம், பித்தம், ராசி குணம் எல்லாம் இதுதானா?

மனிதர்களைச் சுபாவத்தால் பிரிக்கும் ஆசை எல்லா ஊரிலும் பழசு. கிரேக்கர்கள் நான்கு திரவங்களைச் சொன்னார்கள், சித்த மருத்துவம் மூன்றைச் சொல்கிறது. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ் தன் நாய்களின் நரம்பு வகைகளை அந்தக் கிரேக்க நான்கோடு பொருத்தினார். பாவ்லவின் கருத்துகள் உளவியலாளர் ஹான்ஸ் ஐசங்க் வழியாகவும் நேரடியாகவும் கிரேயிடம் வந்தன. அந்த அளவுக்கு உறவு உண்டு. ராசிக்கு அதுவும் இல்லை. “மகம் ஜகம் ஆளும்” என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள் எத்தனை பேர் ஆண்டார்கள் என்று உங்கள் தெருவிலேயே விசாரிக்கலாம்.

இணையத்தில் டெஸ்ட் எடுத்தேன், தடுப்பு அமைப்பு அதிகம் என்று வந்தது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். நீங்கள் எடுத்தது பெரும்பாலும் கார்வரும் வைட்டும் 1994-இல் வெளியிட்ட 24 வாக்கிய வினாத்தாளாக இருக்கும். ஆய்வுக்காக உருவானது அது. இத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் நோய் என்ற கோடே அதில் கிடையாது.

என் கணவர் நார்சிசிஸ்ட் என்று வீடியோ பார்த்துக் கண்டுபிடித்தேன்...

இந்தச் சொல் இப்போது மாமியார், மேனேஜர், பழைய காதலன் எல்லோர் மேலும் விழுகிறது. அவர் அடிக்கிறாரா, பணத்தைப் பிடுங்குகிறாரா, உங்கள் வீட்டாரோடு பேசவிடாமல் தடுக்கிறாரா? அப்படியென்றால் அவருக்கு எந்தப் பெயர் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் உங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். 181 பெண்கள் உதவி எண்ணில் பேசலாம். வெறும் தற்பெருமைதான் என்றால், அதற்கு மருத்துவப் பெயர் தேவையில்லை.

ஆளுமைக் கோளாறு மாறுமா? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்தானே?

மாறுகிறது, நாம் நினைப்பதைவிட அதிகமாகவே. மேரி ஜானரினியின் குழு அமெரிக்காவில் 290 பார்டர்லைன் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தது. 10 ஆண்டு முடிவில் 93 சதவீதம் பேருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது அறிகுறிகள் தணிந்திருந்தன. வேலை, உறவு என்று வாழ்க்கையும் சேர்ந்து நிமிர்ந்தவர்கள் பாதிப் பேர். அந்த மீதிப் பாதியை மறைக்க விரும்பவில்லை. அறிகுறி போனாலும், படிப்பும் வேலையும் விட்டுப்போன வருடங்கள் தானாகத் திரும்பி வராது.

லைனஹனின் இயங்கியல் நடத்தைச் சிகிச்சை பெரும்பாலும் ஓராண்டு நடக்கும். அதில் ‘எதிர்ச்செயல்’ என்று ஒரு பயிற்சி. பயம் ஓடு என்கிறது, ஆனால் நிலைமையில் உண்மையான ஆபத்து இல்லை. அப்போது மெதுவாக அந்தப் பக்கமே போக வேண்டும். கோபம் பாய் என்கிறது. அப்போது ஒரு அடி பின்வாங்கி, குரலைத் தணிக்க வேண்டும். சுபாவம் தரும் முதல் உந்துதலை யாரும் அழிக்க முயல்வதில்லை. அதற்கும் செயலுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் உண்டாக்குகிறார்கள், அவ்வளவுதான்.

மாத்திரை இருக்கிறதா?

ஆளுமைக் கோளாற்றுக்கென்றே தனி மாத்திரை இல்லை. கூட இருக்கும் மனச்சோர்வு, தூக்கமின்மை, கடும் பதற்றம் ஆகியவற்றுக்கு மருத்துவர் தரலாம். பதற்ற மாத்திரையை மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். பென்சோடயசெபைன் வகை பழக்கமாகிவிடும்.

இங்கே எங்கே போவது?

புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. கடலூர்க்காரர்கள் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையில் தொடங்கலாம். அலைய முடியாதவர்கள், அல்லது போவதா வேண்டாமா என்றே தயங்குபவர்கள், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். இலவசம், தமிழில் பேசுவார்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் வரிசைக்குக் காத்திருக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டிலேயே வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி அவரைத் தண்டிக்காமல் விட வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது.

முதல் முறை போகும்போது, சிறுவயதிலிருந்தே அவரை அறிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மா, சித்தி, பெரியக்கா என்று யாராக இருந்தாலும் சரி. பள்ளியில் எப்படி, முதல் வேலையில் எப்படி, கல்யாணத்துக்குப் பிறகு எப்படி என்று மருத்துவர் கேட்பார். முந்தைய சீட்டுகள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, குடி இருந்தால் எவ்வளவு என்ற உண்மையான அளவு, இவை கையில் இருந்தால் பாதி நேரம் மிச்சம்.